குற்றம் நடந்த காரணத்துக்குள் சமூகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பறியும் கதையில் சமூகக் கருத்தைப் புகுத்தினால் விறுவிறுப்பு கெட்டுவிடும் என்று தங்கள் இதழில் வெளியான கட்டுரை வாதிட்டிருந்தது. புகுத்தினால் கெடும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் குற்றம் நடந்த காரணத்துக்குள்ளேயே சமூகம் இருக்கும்போது, அதைப் புகுத்த வேண்டிய தேவையே எழுவதில்லை. இதற்கு ஸ்வீடனின் மாய் ஷோவால், பெர் வாலூ இணையரைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். அவர்களைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

இடதுசாரிகளான இவ்விருவரும் 1965 முதல் 1975 வரை, மார்ட்டின் பெக் என்ற காவல் அதிகாரியை மையமாக வைத்துப் பத்து நாவல்களை எழுதினார்கள். பிள்ளைகள் உறங்கிய பின், இரவு நேரங்களில், ஆளுக்கோர் அத்தியாயமாக எழுதினார்கள். மக்கள்நல அரசு என்று உலகம் பாராட்டிய ஒரு நாட்டில் ஏழைகளும் முதியவர்களும் வேலை இழந்தவர்களும் எப்படிக் கைவிடப்படுகிறார்கள் என்பதைக் காட்டுவதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது. எனினும் முதல் நாவலில் அந்த நோக்கம் வெளியே தெரிவதில்லை. கால்வாயைத் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் யார் என்று கண்டறியவே மாதக்கணக்கில் ஆகிறது. அந்தப் பொறுமையான விசாரணைக்கு முதலில் வாசகரைப் பழக்கிவிட்டார்கள்.

1971இல் வெளியான நாவலைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு காவல் அதிகாரி கொடூரமாகக் கொல்லப்படுகிறார். அவர் தமது பணிக்காலத்தில் பிடிபட்டவர்களை வதைத்தவர் என்பதும், அவர்மீது வந்த புகார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடவடிக்கையின்றி முடித்துவைக்கப்பட்டன என்பதும் பழைய கோப்புகளிலிருந்து தெரிய வருகின்றன. கொலையாளியும் காவலராக இருந்தவரே. நீரிழிவு நோயாளியான அவருடைய மனைவி மயங்கிக் கிடந்தபோது, குடிபோதையில் இருப்பதாகக் கருதி லாக்கப்பில் அடைத்துவிட்டார்கள். சிகிச்சையின்றி அங்கேயே அவர் இறந்துபோனார். கொலையாளி யார் என்று அறிய விரும்பும் வாசகர் அந்தப் புகார்களைப் படித்தே ஆக வேண்டும்; துப்புத் துலக்குவதும் அதிகாரத்தின் அநீதியை அறிவதும் இங்கே ஒரே செயலாகிவிடுகின்றன. லாக்கப் மரணச் செய்திகளை அடிக்கடி படிக்க நேரும் தமிழ் வாசகர்கள் அந்தப் பக்கங்களைச் சாதாரணமாகக் கடந்து செல்ல முடியாது. இதில் விறுவிறுப்பு எங்கே குறைந்தது?

பிற்கால நாவல்கள் சிலவற்றில் ஆசிரியர்களே குறுக்கிட்டு அரசியல் பேசுகிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோம் நகரம் இடித்துக் கட்டப்பட்டதைப் பற்றியும், 1965இல் காவல்துறை முழுவதும் தேசிய அளவில் ஒருங்கிணைக்கப்பட்டதைப் பற்றியும் அவர்கள் கொண்டிருந்த கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அது கதைமாந்தர்களைத் தாண்டி ஒலிக்கும் இடங்களில் வாசிப்பு தளர்கிறது. அந்த அளவுக்குக் கட்டுரையாளரின் குற்றச்சாட்டு பொருந்தும்.

அதே எழுத்தாளர்கள் கடைசி நாவலில் மீண்டும் கதையை நம்பினார்கள். கைக்குழந்தையோடு வாழும் ஓர் இளம்பெண், வங்கி கடன் கொடுக்கும் இடம் என்று நம்பி அங்கே போய்ப் பணம் கேட்கிறாள்; கொள்ளையடிக்க வந்தவள் என்று அவளைக் கைதுசெய்கிறார்கள். வழக்கிலிருந்து விடுபட்ட பின்னும் அவளுக்கு உதவ எந்த அலுவலகமும் முன்வருவதில்லை. பின்னர் நாட்டின் பிரதமரைச் சுட்டுக் கொல்பவள் அவள்தான் என்று அறியும்போது அது நம்பமுடியாததாகத் தோன்றாததற்குக் காரணம், அவள் அலைக்கழிக்கப்பட்ட ஒவ்வொரு படியையும் நாம் ஏற்கெனவே பார்த்திருப்பதுதான்.

தமிழில் வெளிவரும் குற்றப்புனைவுகளைத் தங்கள் இதழ் மதிப்பிடும்போது, கருத்து இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பாராமல், அது விசாரணையின் வழியாக வருகிறதா, இறுதி அத்தியாயத்துச் சொற்பொழிவாக வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். இந்தப் பத்து நாவல்களைப் பற்றி ஓர் அறிமுகக் கட்டுரை வெளியிட்டால் என்னைப் போன்ற வாசகர்கள் மகிழ்வோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி