பறவைக் கணக்கில் மொத்தம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கலை ஒட்டி நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு பற்றி உங்கள் நாளிதழின் நெல்லைப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை குளம், எத்தனை வகை, மொத்தம் எத்தனை பறவை, அதிகம் தென்பட்டது எது, அவ்வளவுதான் செய்தி. குறை சொல்லவில்லை, நாலு பத்தி இடத்தில் நிருபர் வேறென்ன செய்வார். ஆனால் விடியற்காலையில் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு குளம் குளமாக ஏறி இறங்கிய பிள்ளைகள் எழுதி வருவது மொத்தக் கணக்கை இல்லை. எந்தக் குளத்தில் எது இருந்தது, எது இல்லை என்று வரி வரியாக எழுதி வருகிறார்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டால் குளம் காணாமல் போய்விடுகிறது. பறவைகள் சரணாலயமான கூந்தன்குளமும் நெல்லை டவுன் நயினார்குளமும் அந்த எண்ணுக்குள் ஒன்றாகிவிடுகின்றன.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எதில் எது உண்டு, எது இல்லை என்று டிக் அடித்த அட்டவணையைக் கூட்டாமல், வரியையும் கட்டத்தையும் அழிக்காமல் படிப்பதற்கென்றே ஒரு கணக்கு முறை 40 வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ஃபார்மல் கான்செப்ட் அனாலிசிஸ் என்பார்கள், தமிழில் முறைசார் கருத்துருப் பகுப்பாய்வு என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர்த் தரவுகளுக்கு அச்சில் வார்த்தது போலப் பொருந்துகிற முறை, ஆனால் இங்கே அதைத் தொட ஆளில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்துக் கணிதப் பேராசிரியர் ருடால்ஃப் வில்லே 1982இல் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இது. எது எதற்குள் அடங்கும் என்று மேல் கீழாக அடுக்கிப் பார்க்கிற லாட்டிஸ் என்ற கணிதம் அதற்கு முன்பே இருந்தது, காரெட் பிர்காஃப் 1940இலேயே அதற்கென்று ஒரு புத்தகம் போட்டுவிட்டார். வில்லேயின் ஆதங்கம் வேறு. இந்தக் கணிதம் கணிதக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, வெளியே இருப்பவர்களும் எடுத்துப் புழங்கும்படி அதை மாற்றிக் கட்ட வேண்டும் என்றார். இரண்டு வருஷம் கழித்து பெர்ன்ஹார்ட் கான்டர் அதைக் கணினியில் போட ஒரு நல்ல வழிமுறை கொடுத்தார், 1996இல் இருவரும் சேர்ந்து ஜெர்மனில் பாடப்புத்தகம் எழுதினார்கள், 1999இல் அது ஆங்கிலத்தில் வந்தது. வரலாறு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு உதாரணத்துக்கு நாலு குளம் வைத்துக்கொள்வோம், பெயரும் விவரமும் கற்பனை. மேலக்குளம், கீழக்குளம், ஊர்க்குளம், புதுக்குளம். நாலு கேள்வி: சித்திரை வரை தண்ணீர் நிற்கிறதா, குளத்துக்குள் கருவேல மரம் உண்டா, தண்ணீர் மேல் மிதந்து பரவுகிற அமலைச்செடி மண்டிக்கிடக்கிறதா, பறவை கூடு கட்டுகிறதா. (கருவேலம் என்றால் நாட்டுக் கருவேலம். சீமைக்கருவேலத்தையும் அதே கட்டத்தில் டிக் அடித்தால் கதை கந்தல்.) மேலக்குளத்திலும் கீழக்குளத்திலும் தண்ணீர், மரம், கூடு மூன்றும் உண்டு, அமலை கிடையாது. ஊர்க்குளத்தில் தண்ணீரும் அமலையும். புதுக்குளத்தில் மரம் மட்டும்தான், மாசி பிறந்தால் தரை தெரியும்.

இப்போது மேலக்குளத்தையும் ஊர்க்குளத்தையும் எடுத்து, இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தண்ணீர். சரி, தண்ணீர் நிற்கிற குளம் எதெது என்று திருப்பிக் கேளுங்கள். கீழக்குளமும் சேர்ந்து மூன்றாகிவிடுகிறது. அந்த மூன்றுக்கும் பொதுவானது எது என்று மறுபடி கேட்டால் தண்ணீர்தான், இதற்கு மேல் கூடாது, குறையாது. இப்படிப் போய்த் திரும்பி வந்தாலும் மாறாமல் நிற்கிற ஒரு ஜோடி, அதாவது ஒரு குளக் கூட்டமும் அதற்குப் பொதுவான குணங்களும், ஒரு கருத்துரு. முறை முழுக்க இவ்வளவுதான். நாலு குணத்தில் 16 சேர்க்கை சாத்தியம், ஆனால் இந்த அட்டவணையில் நிலைப்பது 6 மட்டும்: எல்லாக் குளமும் அடங்கிய உச்சி, தண்ணீர்க் குளங்கள், மரமுள்ள குளங்கள், மூன்றும் உள்ள இரண்டு குளம், ஊர்க்குளம் தனியாக, அப்புறம் நாலு குணமும் உள்ள குளம் என்ற காலி அடிப்பக்கம்.

இந்த ஆறையும் படமாகப் போட்டால், பெரிய கூட்டம் மேலே, சிறியது கீழே என்று கோடுகளால் இணைந்து நிற்கும். மேல் குளம் நிரம்பி வழிகிற மறுகால் இரண்டு குளத்துக்குப் பிரிந்து போய், அந்த இரண்டின் மறுகாலும் கீழே ஒரே குளத்தில் விழுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேலே இரண்டு பெற்றோர் இருக்கலாம். மேலக்குளம் தண்ணீர்க் கூட்டத்திலும் இருக்கிறது, மரக் கூட்டத்திலும் இருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்தில் பிள்ளைகள் உருப்போடுகிற, ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருப்பதைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிற கே-மீன்ஸ் முறை அப்படி விடாது, ஒவ்வொரு குளத்தையும் ஏதாவது ஒரே ஒரு கூட்டத்தில் தள்ளிவிட்டுத்தான் ஓயும், எத்தனை கூட்டம் வேண்டும் என்பதையும் நாமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும், கடைசியில் ஏன் இந்தக் குளம் அந்தக் கூட்டத்தில் என்று கேட்டால் தூரக் கணக்கைத்தான் காட்டும். கருத்துருப் படத்தில் ஏன் என்பதற்குப் பதில் கூட்டத்தின் மேலேயே எழுதியிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். அட்டவணையிலிருந்து விதிகளும் தானாக வரும். நம்முடைய நாலு குளத்துக்கு மூன்று விதி: கூடு இருந்தால் தண்ணீரும் மரமும் உண்டு, தண்ணீரும் மரமும் இருந்தால் கூடு உண்டு, அமலை இருந்தால் தண்ணீர் நிற்கும். மற்ற விதிகளெல்லாம் இந்த மூன்றிலிருந்தே பிறந்துவிடும். இப்படி மிகக் குறைந்த விதிகளைத் தேடி எடுக்கும் வழியை டுகேன், கீக் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1986இல் கண்டு சொன்னார்கள். மூன்றாவது விதியைப் பாருங்கள். தண்ணீர் நிற்க வேண்டுமென்று யாரும் அமலையைக் கொண்டுபோய் விட மாட்டார்கள். சேர்ந்து இருக்கிறது என்றுதான் விதி சொல்கிறது, இதனால் அது என்று சொல்லவில்லை. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அதோடு கணினி நிறுத்திக்கொள்ளாது. ஒவ்வொரு விதியையும் உங்களிடம் நீட்டி, இது எல்லாக் குளத்துக்கும் சரியா, இல்லையென்றால் பொருந்தாத ஒரு குளத்தைக் காட்டு என்று கேட்கும். ஆட்ரிப்யூட் எக்ஸ்ப்ளோரேஷன், அதாவது குணங்களைத் துருவிப் பார்ப்பது என்று இதற்குப் பெயர். பதில் சொல்ல வேண்டியவர் கணிதக்காரர் இல்லை, குளத்தை அறிந்தவர். குளத்துத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சி ஒருவரை உட்காரவைத்து, தண்ணீரும் கருவேலமும் இருந்தால் பறவை கூடு கட்டும், சரிதானே என்று கேட்டுப் பாருங்கள். "அதெப்படி தாயி, எங்க குளத்துல தண்ணி கெடக்கு, மரமும் நிக்கி, பக்கத்துலயே கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வேட்டுப் போட்டா எந்தப் பறவ தங்கும்?" என்பார். அந்தக் குளம் ஐந்தாவது வரியாக உள்ளே போகும், விதி உடையும், தண்ணீரும் மரமும் மட்டும் உள்ள குளங்கள் என்று ஏழாவது கருத்துரு பிறக்கும். அதைவிட முக்கியம், நம் அட்டவணையில் வேட்டுச் சத்தம் என்று ஒரு கட்டமே இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். தீபாவளிக்குக்கூட வேட்டுப் போடாத ஊர் என்று கூந்தன்குளத்தைப் பற்றி உங்கள் பத்திரிகை உள்பட எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், 1994இல் சரணாலயமான ஊர், இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்குகிற ஊர். அந்தச் செய்தி ஒரு கதையாகவே நின்றுவிடுகிறது. கட்டமாக மாறினால் மற்றக் குளங்களோடு வைத்துச் சோதிக்கலாம்.

வெளியே இந்த முறை எங்கெல்லாம் போயிருக்கிறது என்று ஒரு வார்த்தை. கடை பில்களைத் தோண்டி, அல்வா வாங்குகிறவர் மிக்சரும் வாங்குகிறாரா என்று பார்க்கிற கணக்கில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் விதிகள் மலையாகக் குவியும். 1999இல் பிரான்ஸின் பாஸ்கியே குழுவினர் மேலே சொன்ன போய்த் திரும்பும் தந்திரத்தை வைத்தே அந்தக் குவியலைக் குறைத்தார்கள். பழைய மென்பொருளைப் பிரித்து ஒழுங்குபடுத்துகிறவர்கள் எந்தப் பகுதி எதைப் பயன்படுத்துகிறது என்று டிக் அடித்து இதே படத்தைப் போடுகிறார்கள். எந்த மரபணு எந்தச் சூழலில் வேலை செய்கிறது என்ற அட்டவணைக்கும் இதே கதைதான். குளம், பறவை இரண்டோடு வருஷத்தையும் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கு வழி 1995இலேயே லேமனும் வில்லேயும் போட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் நடக்கிற நம் கணக்கெடுப்புக்கு அது அப்படியே பொருந்தும்.

கோளாறே இல்லாத முறையா என்றால் இல்லை. அட்டவணை பெருத்தால் கருத்துருக்கள் வெடித்துப் பெருகும். 20 குளம், 20 குணம், ஒவ்வொரு குளத்திலும் வெவ்வேறு ஒரே ஒரு டிக் மட்டும் விடுபட்டிருக்கிறது என்றால் கருத்துருக்கள் 10,48,576. இது மோசமான உதாரணம், நிஜ அட்டவணை இவ்வளவு முரண்டு பிடிக்காது. ஆனாலும் 50 குளமும் 50 பறவையும் போட்டால் ஒரு தாளில் அடங்காத கோடுகள் வரும். அதனால் இத்தனை சதவீதக் குளங்களிலாவது இருப்பதை மட்டும் காட்டு என்று உச்சிப் பகுதியை மட்டும் வெட்டிப் பார்ப்பது வழக்கம். இன்னொன்று, பனிமூட்டத்தில் ஒரு பையன் சாம்பல் நாரையைச் செந்நாரை என்று எழுதிவிட்டால் அந்த ஒரு தப்பு டிக்குக்காகப் புதுக் கருத்துரு முளைக்கும், நல்ல விதி ஒன்று உடையும். எண்ணிக்கையும் நேராக உள்ளே போகாது. கூழைக்கடா 3 என்பதையும் 300 என்பதையும் ஏதோ ஒரு இடத்தில் வெட்டித்தான் கட்டமாக்க வேண்டும், எங்கே வெட்டுவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் கருத்தில் இது குறையே இல்லை, வெட்டிய இடத்தை வெளியே எழுதி வைத்துவிட்டால் வேண்டாதவர் வேறு இடத்தில் வெட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். சராசரி போடுகிறவர் இந்த மாதிரி எதையும் வெளியே சொல்வதில்லை.

இதையெல்லாம் ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், டேட்டா சயின்ஸ் என்று போர்டு போடாத கல்லூரி இப்போது நம் பக்கத்தில் குறைவு. கடைசி வருஷப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டைப் பாருங்கள், பயிற்சிக்கென்று எல்லோரும் எடுக்கிற அதே பழைய தரவுகள்தான்: 1936இல் ஃபிஷர் கட்டுரையில் வந்த 150 ஐரிஸ் பூக்கள், இல்லாவிட்டால் 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் பிழைத்தது யார். நாங்குநேரி, அம்பை, சேரன்மகாதேவி என்று குளத்துக்குக் குளம் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், ஐரிஸ் பூவை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள். டவுனில் ப்ராஜெக்ட் சென்டர்காரர் பைண்டிங் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார், வைவாவில் அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள், நாங்களும் மார்க் போடுகிறோம். தரவு இல்லை மேடம் என்பதுதான் எப்போதும் பதில். இல்லாமல் என்ன, ஆற்றுப்பாசனக் குளம், மானாவாரிக் குளம், கார் போகம் விளைகிற வயல், பிசானப் போகம் மட்டும் விளைகிற வயல், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குவிகிற மனுக்களில் எந்த ஊரிலிருந்து எந்தக் குறை, எல்லாமே டிக் அட்டவணைதான். பெரிய கணினிகூட வேண்டாம். பைத்தான் என்ற கணினி மொழியில் கான்செப்ட்ஸ் என்று ஒரு மென்பொருள் நூலகம், ஆர் மொழியில் எஃப்சிஏஆர், இரண்டும் இலவசம், லேப்பில் இருக்கிற பழைய கணினியிலேயே ஓடும்.

அதனால் சில வேண்டுகோள்கள். அடுத்த முறை கணக்கெடுப்புச் செய்தி போடும்போது மொத்தத்தோடு சேர்த்து, பத்துப் பதினைந்து குளங்களுக்காவது எது இருந்தது, எது இல்லை என்ற அட்டவணையையும் நெல்லைப் பக்கத்தில் போடுங்கள், கால் பக்கம் போதும். கணக்கெடுப்பை நடத்துகிறவர்கள் படிவத்தில் வேட்டுச் சத்தம், அமலை, நாட்டுக் கருவேலம் மூன்றுக்கும் தனிக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சேர்க்கட்டும். கல்லூரிக்காரர்கள் ப்ராஜெக்ட்டில் ஒன்றாவது நம் மாவட்டத் தரவாக இருக்க வேண்டும் என்று விதி வைத்தால் ப்ராஜெக்ட் சென்டர்காரருக்குக் கொஞ்சம் சிரமம்தான், பரவாயில்லை. அட்டவணையைத் தட்டச்சு செய்து கொடுக்க ஆள் வேண்டுமென்றால் எங்கள் துறைப் பிள்ளைகளை நான் அனுப்புகிறேன். நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சிகளைத் தேடிப் பிடித்து உட்காரவைப்பது மட்டும் உங்கள் நிருபர்களால்தான் ஆகும்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.