முன் கண்ணாடிப் பீடிங்கும் சிலிக்கானும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலக் கார் பராமரிப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளில் ஒன்று, பழைய கார்களில் முன் கண்ணாடி ஓரம் கசிந்தால் பீடிங் என்னும் உலோகப் பட்டையைக் கழற்றி, சிலிக்கான் வைத்து ஒட்டிவிடலாம் என்கிறது. மற்ற குறிப்புகள் சரி. இது மட்டும் வண்டியைக் கெடுக்கும் யோசனை. டிங்கர் பட்டறையிலேயே வயதானவன் என்பதால் சொல்கிறேன்.

பிரீமியர் பத்மினி காலத்து வண்டிகளில் கண்ணாடியைச் சுற்றிப் பளபளவென்று ஓடும் அந்த உலோகப் பட்டை பசையில் நிற்பதல்ல. கண்ணாடியைச் சுற்றி ஒரு ரப்பர் இருக்கும். அதன் ஒரு பள்ளத்தில் கண்ணாடி உட்காரும், இன்னொன்றில் பாடியின் தகட்டு விளிம்பு, வெளிமுகத்தில் உள்ள மெல்லிய பள்ளத்தில் பட்டை. வெயிலில் ரப்பர் காய்ந்து இறுகும்போதுதான் பட்டை தளர்கிறது, தண்ணீரும் இறங்குகிறது. அதன்மேல் சிலிக்கானைப் பூசினால் வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். பெயின்ட் உரிந்த தகட்டை அது சும்மா விடாது. கீழ் மூலைகள் இரண்டும்தான் முதலில் போகும். போன மழையில் ஒருவர் கொண்டுவந்த வண்டியில், மூலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்ததுமே தகடு பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் வெட்டி, வெல்டு வைத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் பழைய சிலிக்கான் துளி ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

முறையான வழி, புது ரப்பர் போடுவது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் கம்பளி விரித்துப் படுக்க வையுங்கள். ரப்பரைச் சுற்றி மாட்டி, பட்டையை அங்கேயே ஏற்றிவிட வேண்டும். கண்ணாடியை வண்டியில் ஏற்றிய பிறகு பட்டையைச் செருகப் பார்ப்பவர்கள்தான் அதை நெளித்துவிடுகிறார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, மேல் நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். ரப்பரின் உதட்டை மூங்கில் சிம்பால் தூக்கிவிட்டால் போதும், இரும்பு எதுவும் கிட்டே வரக் கூடாது. கிரீஸ், ஆயிலும் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். வளைவில் அவசரப்பட்டால் பட்டை மடங்கும், மடங்கியதை எப்படித் தட்டினாலும் வெளிச்சத்தில் அந்த நெளிவு தெரியும்.

பிறகு பாடி விளிம்புக்கான பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் கீழ் நடுவில் உள்பக்கம் விட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து இழுக்க, ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்டி அமுக்க, ரப்பர் தானாக விளிம்பில் ஏறி உட்காரும். காலை வெயிலில் ரப்பரைக் கொஞ்சம் காயப்போட்டு எடுத்தால் இன்னும் இளகிக் கொடுக்கும். இரண்டு பேர் அரை நாள் வேலை. சிலிக்கான் என்றால் ஒருவர் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார், அதனால்தான் பட்டறைகளும் அதைச் சொல்கின்றன.

ரப்பர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. பட்டை அப்படியல்ல. பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருடத்துக்கு மேலாகிறது, மும்பையின் பத்மினி டாக்சிகள்கூட 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் தேடினாலும் நெளியாத ஒரு ஜோடி கிடைப்பது அதிர்ஷ்டம். சிலிக்கானில் ஒட்டிய பட்டையை மறுபடி பெயர்க்கும்போது அது உருப்படியாக வராது.

இப்போதைய கார்களில் கண்ணாடியையே யூரித்தேன் பசையில் ஒட்டுகிறார்கள். அது தனி வேலை, அதற்கும் இந்தச் சிலிக்கான் ஆகாது. அடுத்த மழைக்கு முன் இந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிங்கர் ஒருவர்,
சிங்காநல்லூர், கோவை.