தார்சா முதல் புறவாசல் வரை: ஒரு நன்றி மடல்

எங்கள் தெரு ஆட்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் வணக்கம்.

தாமிரபரணி ஆற்றுக் குறுக்குத்துறையில் பாசி வழுக்கி விழுந்ததில் இடது முழங்காலின் உள்பக்க ஜவ்வு பாதி கிழிந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் உண்டு, ஆபரேஷன் இல்லாமலே கூடிவிடும், பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டிலேயே நடந்து பழகுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது லேசு. நடக்க வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில், வீடு தேடி வந்த பிசியோதெரபி பிள்ளை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துச் சுகமாகப் படுத்திருந்தேன். வந்ததும் அதை உருவிவிட்டது. “மடங்கியே கிடந்தா கால் நேரா நீளாது அண்ணாச்சி. அப்புறம் நொண்டலே பழகிரும்.” சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் கொடுத்து, தொடையை இறுக்கி, முட்டியைக் கீழே அமுக்கச் சொன்னது. கம்பு வலது கையில், அதாவது நோவுக்கு எதிர்ப்பக்கம். குதிகால் முதலில் பதியணும், விரல் அப்புறம். சாயங்காலம் முட்டி வீங்கினால் மறுநாள் நடையைக் குறைக்கணும், வீங்காவிட்டால் கொஞ்சம் கூட்டலாம். இந்தக் கணக்கு எனக்கு மிகவும் உதவியது.

அடுத்து மதினி. எங்கள் பழைய வீடு முன்பக்கத் தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி நீளும். பேப்பரைத் தார்சாவிலும் தண்ணிச் செம்பைப் புறவாசலிலும் வைத்துவிடுவார். “கொஞ்சம் எடுத்துத் தாங்க மதினி” என்றால் காது கேட்காதவர் போல அரிசி களைந்துகொண்டிருப்பார். எடுத்துத் தராததற்குத்தான் அவருக்குப் பெரிய நன்றி. அண்ணன் மிதியடி, பாய் எல்லாவற்றையும் சுருட்டி வழியை ஒழித்துக் கொடுத்தார். அவர் மகன் ஒவ்வொரு நிலைப்படியிலும் “ஏற நல்ல கால், இறங்க நோவு கால், சித்தப்பா!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவான்.

எதிர்வீட்டு ஆச்சி எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தார். வீக்கம் இருக்கும்போது உருவிவிடக்கூடாது என்று அந்தப் பிள்ளை சொன்னதும் ஆச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எங்கள் பிரிட்ஜ் மக்கர் பண்ணினபோது தூக்குவாளியில் ஐஸ்கட்டி கொண்டு வந்தது அதே ஆச்சிதான். “துணியைச் சுத்தி வைலே, தோலு வெந்திரும்” என்று வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனார்.

வண்ணார்பேட்டைக்கு ஸ்கேன் எடுக்கப் போன அன்று, ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் “கெட்டியா பிடிச்சுக்கோங்க” என்று குரல் கொடுத்த ஆட்டோ அண்ணாச்சிக்கும் நன்றி.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வடம் பிடிக்கலாமா என்று கேட்டேன். “பார்க்கப் போங்க, இழுக்கப் போகாதீங்க” என்றது பிள்ளை. சரி, அப்படியே ஆகட்டும்.

ஊன்றுகோல் இப்போது சும்மாதான் கிடக்கிறது. உயரம் கூட்டிக் குறைக்கலாம். அடி ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது, மாற்றி வைக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.