பின்லாந்தின் தக்காளி ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பின்லாந்து பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், குளிர் நாடு என்பதால் காய்கறிக்கு ஸ்பெயினையே நம்பியிருக்கிறார்கள் என்று ஒரு வரி. அது முழுக்கச் சரியில்லை. நான் வேலை பார்க்கும் வாசா நகரிலிருந்து தெற்கே சுமார் 80 கி.மீ. போனால் நார்பெஸ் என்று ஓர் ஊர். 10,000 பேர்கூட இல்லை. ஆனால் பின்லாந்தில் விளையும் தக்காளியில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. ஜனவரி இருட்டில் நான் வைக்கும் ரசத்துக்கும் அதுதான்.

குளிர்கால இரவில் அந்தப் பக்கம் போனால் வானம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். முதல் தடவை எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பசுமைக்குடில்களின் சோடியம் விளக்கு வெளிச்சமாம். சூடேற்ற முன்பு எண்ணெய் எரித்தார்கள். இப்போது பெரும்பாலும் மரச்சில்லு. பெரிய கம்பெனித் தோட்டமெல்லாம் கிடையாது, குடும்பம் குடும்பமாகத்தான் நடத்துகிறார்கள். விளைந்ததைக் கூட்டுறவு வழியாக விற்கும் பழக்கம் 1950களிலிருந்தே உண்டு. 1995இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் தெற்கு நாடுகளின் மலிவுத் தக்காளி தடையில்லாமல் வந்து இறங்கியது. அதையும் தாக்குப்பிடித்து நிற்கிறார்கள்.

ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் பேசுவது ஸ்வீடிஷ். அங்குள்ள பழைய கல் தேவாலயத்தைச் சுற்றி சுமார் 150 மரக் குதிரைக் கொட்டில்கள் இன்னும் நிற்கின்றன. தூரத்துக் கிராமங்களிலிருந்து வழிபாட்டுக்கு வந்த விவசாயிகள் குதிரையைக் கட்டிவிட்டுப் போன இடம். இன்னொரு விசித்திரம், அந்தக் கரையில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே போகிறது. தாத்தா படகு விட்ட இடத்தில் பேரன் வைக்கோல் அறுக்கலாம்!

நிலம் கூடியும் அந்தக் கரையோர ஊர்களில் பிழைப்பு போதவில்லை. முதலில் அமெரிக்காவுக்கும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்வீடனுக்கும் ஆட்கள் கிளம்பிப் போனார்கள். இன்று நிலைமை தலைகீழ். 1990களில் பொஸ்னியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களும், அப்புறம் வேலைக்காக வந்த வியட்நாம்காரர்களும் இல்லையென்றால் அங்கே தக்காளி பறிக்க ஆள் கிடையாது. அவர்களும் ஊரோடு ஒட்டி ஸ்வீடிஷ்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

உங்கள் கட்டுரையாளர் பின்லாந்தின் வெற்றிக்குத் தொழில்நுட்பத்தை மட்டுமே காரணமாகச் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளக்கைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம், செடியைக் கட்டிப் பழம் பறிக்கும் கை வேண்டுமே. அந்தக் கைகளுக்கு எல்லாம் நல்லபடியாக நடந்துவிடவும் இல்லை. வேலை வாங்கித் தருவதாகச் சிலர் வியட்நாம் தொழிலாளர்களிடம் பணம் பிடுங்கினார்கள் என்ற புகார் சில ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிய செய்தியானது. அதைப் பற்றியும் நீங்கள் எழுதலாம்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு மின்கட்டணம் தாறுமாறாக ஏறிய குளிர்காலத்தில், பல விவசாயிகள் விளக்கை அணைத்துவிட்டு வசந்தத்துக்குக் காத்திருந்தார்கள். அந்தச் சில மாதங்கள் நானும் ஸ்பெயின் தக்காளியில்தான் ரசம் வைத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வாசா, பின்லாந்து