தமிழ்மொழி விழாவில் எண்ணுக்கும் ஒரு மாலை வேண்டும்

சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் தவறாமல் விழாவுக்கு வருகிறவன் நான். பேச்சு, கவிதை, நாடகம் எல்லாம் மனம் நிறையப் பார்க்கிறேன். ஒரே ஒரு மாலையைக் கணக்குக்கும் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் உயர்நிலைப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். போன மாதம் 4294967297 என்று எழுதி, தமிழில் வாசிக்கச் சொன்னேன். "நாலு பில்லியன்..." என்று தொடங்கி நின்றுவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் இலக்கங்களை விரலால் பிரித்துப் பிரித்து, "நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு" என்று முடித்தாள்.

"இது பகா எண்ணா?" என்று கேட்டேன். கணக்கை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள். அந்தச் சொல்லே அவர்களுக்குப் புதிது. "பகுதி, பகிர்வு தெரியுமல்லவா? அதே 'பகு'தான் இதிலும்" என்றேன். "அப்போ பங்கு போட முடியாத எண்ணா சார்?" என்றான் ஒருவன். சொல்லே விளக்கத்தைக் கொடுத்துவிட்டது.

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது இந்த எண். இரண்டுகளின் எண்ணிக்கையை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டினால் ஒரு வரிசை கிடைக்கும். அதில் இதற்கு முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதனால் இதுவும் அப்படித்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற கணித அறிஞர் அதை உடைத்தார்: 641 × 6700417. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்றும் அவர் காட்டினார். சரி, வகுத்துப் பார்ப்போம் என்று பிள்ளைகள் கையாலேயே வகுத்தார்கள். அப்படிப்பட்ட பகா எண்களில் முதலில் வரும் 193, 257, 449, 577 நான்கிலும் மீதி வந்தது. ஐந்தாவதாக 641. மீதி பூஜ்யம்! மேசையைத் தட்டிவிட்டார்கள்.

அப்புறம் வகுக்காமலே காட்டினேன். 640 என்பது ஓர் ஐந்தும் ஏழு இரண்டுகளும் சேர்ந்த பெருக்கல். 641க்கு அது ஒன்று குறைவு, ஆகவே மீதியை −1 என்று வைக்கலாம். நான்கு 640களைப் பெருக்கினால் மீதி 1. அதற்குள் நான்கு ஐந்துகளும் இருபத்தெட்டு இரண்டுகளும் இருக்கின்றன. நான்கு ஐந்துகளின் பெருக்கல் 625. அது 641க்குப் பதினாறு குறைவு, அதாவது −16. பதினாறு என்பது நான்கு இரண்டுகளின் பெருக்கல். இருபத்தெட்டோடு அவை சேர்ந்தால் முப்பத்திரண்டு இரண்டுகள், முன்னால் ஒரு கழித்தல் குறி; அதன் மீதிதான் 1. ஆக முப்பத்திரண்டு இரண்டுகளின் பெருக்கலுக்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம்.

இதில் ஒரு வரிக்குக்கூட ஆங்கிலம் தேவைப்படவில்லை. பிள்ளைகள் தமிழில் வாதாடினார்கள், தமிழிலேயே என் கணக்கில் தப்பும் கண்டுபிடித்தார்கள். மனப்பாடம் செய்த பேச்சில் இந்த வேகத்தை நான் கேட்டதில்லை.

சமூக மன்றத்தில் ஓர் அறை, ஒரு வெண்பலகை, முப்பது நாற்காலி, இரண்டு மணி நேரம் போதும். பரிசு வேண்டாம், மேடை வேண்டாம். பலகையில் எழுத நான் வருகிறேன். வரிசையில் அடுத்த எண் 18446744073709551617. அதை 274177 மீதியில்லாமல் வகுக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த மாலைக்காக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு தொண்டூழிய ஆசிரியர்