வாசலுக்கு இருபத்தோரு எட்டு

மதுரை
கார்த்திகை மாதம், மழை ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடுவதற்கென்று ஷூ வாங்கி மூன்று மாதம் ஆச்சு, இன்னும் டப்பாவிலேயே கிடக்கிறது, ஆபீஸ் விட்டு வந்ததும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு சோபாவில் சாய்ந்துவிடுகிறேன் என்றாய். "சோம்பேறி ஆயிட்டேம்மா" என்றாய். அது சோம்பேறித்தனம் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியில் உன் மகன் வந்து பிடுங்கிக்கொள்வான். அதனால்தான் எழுதுகிறேன். 34 வருஷம் தபால் ஆபீஸில் உட்கார்ந்து ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தினேன், சொந்த மகளுக்கு ஒன்று எழுதக்கூடாதா?

என் கட்டிலிலிருந்து தெருக் கேட் வரை இருபத்தோரு எட்டு. ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். தெப்பக்குளத்தை நாலு சுற்று ஓடுவதைவிட இந்த இருபத்தோரு எட்டுதான் பாடாய்ப் படுத்துகிறது. ஆறு வருஷமாக ஓடுகிறேன், இன்றைக்கும் அப்படித்தான். கேட்டைத் தாண்டிவிட்டால் கால் தானாகப் போகும்.

ஆரம்பத்தில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது, நீ அப்போதே கனடா போய்விட்டாய். சர்க்கரை என்று டாக்டர் சொல்லி, நடங்கள் என்று துரத்திவிட்டார். தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தேன். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தக் குளம் வறண்டு கிடக்கும், பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? இப்போது வைகைத் தண்ணீர் வருகிறது. விடியலில் மைய மண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நடந்து நடந்து, ஒருநாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடிப் பார்த்தேன். அப்புறம் இரண்டு கம்பம். அப்படித்தான் ஆரம்பித்தது.

ஓடினது அவ்வளவுதான், ஓடாத நாள்தான் அதிகம். ஐந்து மணிக்கு அலாரம் வைப்பேன். எழுந்து நைட்டியை மாற்ற சுடிதாரைத் தேடினால் மேல் இருக்கும், கீழ் இருக்காது. சாக்ஸ் ஒன்று கொடியில், இன்னொன்று நனைந்து தரையில். விளக்கைப் போட்டால் அப்பா முழித்துக்கொண்டு, "யாரு துரத்துறாங்க உன்னைய?" என்பார். எல்லாம் கிடைத்து வெளியே எட்டிப் பார்த்தால் மணி ஆறேகால் ஆகியிருக்கும், பால்காரர், பேப்பர்காரர், ஸ்கூல் வேன் எல்லாம் வந்திருக்கும். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்பைப் பற்ற வைத்துவிடுவேன். ஒரு மாதம் முழுக்க இதே கதை.

ஒருநாள் ராத்திரி மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. காலையில் இட்லி வேண்டும் என்றால் காலையிலா அரிசி ஊறப்போடுகிறோம்? அன்றைக்கே அடுக்களை நாற்காலியை வாசல் கதவுக்குப் பக்கத்தில் போட்டேன். ஓடும் துணியை அதில் அடுக்கினேன், எது முதலில் உடம்பில் ஏற வேண்டுமோ அது மேலே, கடைசியில் போடுவது அடியில். ஷூவை ஸ்டாண்டில் வைப்பதில்லை, கதவைப் பார்த்தபடி தரையில், உள்ளே சாக்ஸ். இப்போதும் அப்படித்தான். தூக்கக் கலக்கத்தில் யோசிக்க ஒன்றுமே இருக்கக் கூடாது பாப்பா. யோசித்தால் போச்சு, மூளை படுக்கை பக்கம்தான் பேசும்.

உனக்கு ஓட நேரம் சாயங்காலம்தான் என்கிறாய். அப்படியானால் உன் நாற்காலியைக் காலையில் ஆபீஸ் கிளம்பும்போதே அடுக்கி வைத்துவிட்டுப் போ. முக்கியமாக, வந்ததும் சோபாவில் உட்காராதே. பையை வைத்த கையோடு துணியை மாற்று. ஓடும் துணியைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார உனக்கே கூச்சமாக இருக்கும்.

ஷூ விஷயத்தில் நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். இங்கே ஒரு கடையில் செருப்பு அளவு சொல்லி அதே அளவில் ஷூ வாங்கினேன். கச்சிதம் என்றார் கடைக்காரர். கச்சிதமாகத்தான் இருந்தது, இரண்டு மாதத்தில் கட்டைவிரல் நகம் கறுத்து, அப்புறம் கழன்றே விழுந்துவிட்டது. ஓடும்போது பாதம் கொஞ்சம் வீங்கும், முன்னால் சறுக்கும். நின்று பார்த்தால் நீளமான விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நீ தடிமனான சாக்ஸ் வேறு போடுவாய், அதையும் போட்டுக்கொண்டு பார். இறுக்கினால் கடையிலேயே மாற்றிவிடு. நீ இன்னும் வெளியே போட்டு ஓடவில்லையே, அந்த மட்டுக்கு நல்லது.

ஓடும்போது குதிகால் ஷூவை விட்டுத் தூக்கினால் லேஸில் ஒரு வித்தை இருக்கிறது. ஷூவின் மேல் ஓரத்தில் கடைசியாக ஒரு ஓட்டை சும்மா இருக்கும், பார்த்திருப்பாய். அலங்காரத்துக்கு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். லேஸ் நுனியைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்து ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விடு, முழுக்க இழுக்காமல் சின்னக் காது மாதிரி விட்டுவை. இரண்டு பக்கமும் அப்படிக் காது வந்ததும், இந்தப் பக்கத்து நுனியை அந்தப் பக்கத்துக் காதிலும், அந்தப் பக்கத்து நுனியை இந்தக் காதிலும் நுழைத்துக் கீழ்நோக்கி இழு. குதிகால் பிடித்து வைத்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் இரட்டை முடிச்சு.

முடிச்சுப் போடும் முன் வீட்டுச் சாவியை லேஸில் கோத்துவிடு. ஒரு தரம் அப்பா காரைக்குடி கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம், கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டேன், சாவி டிவி மேலே. வியர்வையோடு எட்டரை மணி வரை வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் வீட்டில் சண்டையா என்று கேட்கிற மாதிரி பார்த்தார்கள்! அன்றிலிருந்து சாவி லேஸில்தான். லேஸுக்கு அடியில் செருகிவிட்டால் சத்தமும் போடாது.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வயிறு. எழுந்ததும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், அரை தம்ளர் காபி, பதினைந்து நிமிஷம் பொறுமை. அந்த வேலை முடியாமல் நான் கேட்டைத் தொடுவதில்லை. நீ சாயங்காலம் ஓடுவதால் மதியச் சாப்பாடு செரித்திருக்கும். நாலரை, ஐந்து மணிக்கு ஒரு வாழைப்பழம் போதும். ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்று கேக்கும் சமோசாவும் தின்றுவிட்டு ஓடாதே, நெஞ்சுக்கு வரும். நான் சர்க்கரை மாத்திரை போடுகிறவள், அதனால் இடுப்புப் பையில் இரண்டு கடலை மிட்டாய் எப்போதும் உண்டு. உனக்கு அது தேவையில்லை, ஆசைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்.

உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா நல்லதாக வாங்கு. ஷூவில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதே. அதன் ஓரத்திலும் தொடை உரசும் இடத்திலும் வாஸ்லின் தடவு. நான் தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறேன், உன் ஊரில் அது டப்பாவுக்குள்ளேயே கல்லாக உறைந்து கிடக்கும்.

துணி விஷயத்தில் உனக்கு நான் வாத்தியார் இல்லை. இங்கே எனக்கு மழைதான் தொல்லை. நேற்று நனைந்த ஷூவுக்குள் பேப்பரைக் கசக்கி அடைத்து வைத்திருக்கிறேன், ஈரத்தை இழுத்துவிடும். ஆனால் நான் உன்னிடம் வந்திருந்த டிசம்பரில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேனே, பனிக்குள் ஒரு அம்மா தினமும் ஓடிப் போவாள். காதை மூடியிருப்பாள், கையுறை இருக்கும், உடம்பில் ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிசுத் துணிகள், அவ்வளவுதான். நான் சால்வை, ஸ்வெட்டர், உன் கோட்டு எல்லாம் சுற்றிக்கொண்டு அவளைப் பார்த்துப் பாவம் என்றேன். நீதான் சொன்னாய், வெளியே இருப்பதைவிடப் பத்து டிகிரி வெயில் அதிகம் என்று நினைத்து உடுத்த வேண்டும் அம்மா, ஓடினால் சூடு வந்துவிடும் என்று. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! கதவைத் திறந்ததும் லேசாக நடுங்க வேண்டும், நடுங்கவில்லை என்றால் ஒரு துணி அதிகம். பருத்தி மட்டும் வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு முதுகில் ஈரத்துணியாக ஒட்டிக்கொள்ளும். தரையில் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் பிடித்திருக்கும் நாளில் வீர தீரம் காட்டாதே, அன்றைக்கு உன் அடுக்குமாடியில் கீழே இருக்கிற மெஷினிலேயே ஓடு.

உங்கள் டொராண்டோவில்தான் பஞ்சாப்காரர் ஃபௌஜா சிங் தாத்தா 2011-இல் மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார், 100 வயதில். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ்காரர்கள் அதை ஏற்கவில்லை. சேமிப்புப் பத்திரத்துக்கு வயதுச் சான்று கேட்டு எத்தனை கிழவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போது மனசு உறுத்துகிறது. அவர் மாரத்தான் ஓட ஆரம்பித்ததே 89 வயதில். முதல் நாள் பயிற்சிக்குக் கோட்டும் உள்கோட்டும் பேன்ட்டுமாக முழு சூட்டில் வந்து நின்றாராம். எனக்கு அதைப் படித்ததும் எவ்வளவு நிம்மதி தெரியுமா? முதல் வருஷம் நான் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஓடினேன். என்ன போட்டுக்கொண்டு வந்தோம் என்பதை ரோடு கேட்பதில்லை, பக்கத்து வீடுதான் கேட்கும்.

ஆனால் அந்தத் தாத்தா 2025 ஜூலையில் ஜலந்தருக்குப் பக்கத்தில் தன் ஊரில் ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்துபோனார். 114 வயது என்றார்கள். அதைக் கேட்ட அன்றைக்கே அப்பா கடைக்குப் போய், லாரிக்குப் பின்னால் ஒட்டுவார்களே, வெளிச்சம் பட்டால் பளபளக்கிற டேப், அதை வாங்கிவந்து என் சட்டை முதுகில் குறுக்கே தைத்தார். தையல் கோணல்மாணல். "பின்னால பாத்தா சரக்கு வண்டி மாதிரி இருக்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார். உனக்கு இப்போது ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. கறுப்பு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போகாதே. பளபளக்கும் பட்டை வைத்த அங்கி ஒன்று வாங்கு, வண்டி எதிரே வருகிற பக்கமாக ஓடு, காதில் பாட்டு வேண்டாம்.

மகனை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை என்றாய். மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். அரை மணி நேரம்தானே? சொல்லிவிட்டுப் போ, கேட்டுவிட்டுப் போகாதே. நான் முதல் இரண்டு வருஷம் தினமும் அப்பாவிடம் "போகட்டுமா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட வேண்டாம் என்றதில்லை. ஆனாலும் அப்படிக் கேட்பதிலேயே பாதி நாள் நின்றுபோனது.

வெளியே வந்ததும் ஓடாதே. ஐந்து நிமிஷம் நட, நடந்துகொண்டே காலை முன்னும் பின்னும் வீசு. பிறகு மெல்ல ஓடு, கூட ஒருத்தி வந்தால் வாய் பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு. பத்து நிமிஷம் ஓடியும் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாம் என்று எனக்கு நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் நாலைந்து தரம் திரும்பியும் இருக்கிறேன். ஒரு தரம் வயிறு, ஒரு தரம் நாய் துரத்தியது. ஒரு தரம் காரணமே இல்லை, பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்.

இன்னொன்று தோன்றுகிறது. உங்கள் ஊரில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தபின் நமக்குப் பத்தரை மணி நேர வித்தியாசம் என்றாயே. நான் கேட்டைத் திறக்கிற ஐந்து மணி, உனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை. நான் லேஸ் கட்டும் நேரம்தான் நீ சோபாவைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரம். உன் வாசல்படியைத் தாண்டியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன், பேசவும் வேண்டாம், பேசினால் நீ நின்றுவிடுவாய். மணி அடித்தால் நானும் கிளம்புவேன். அடிக்காவிட்டாலும் கிளம்பத்தான் போகிறேன், ஆனால் கேட்டில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பேன்.

மணி பத்தாகப் போகிறது. ஷூவுக்குள் அடைத்த பேப்பரை மாற்றிவிட்டுப் படுக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா