‘ரீமாஸ்டர்’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஹெவி மெட்டல் ஆல்பங்களின் மறுவெளியீடுகளுக்கு உங்கள் இசைப் பக்கத்தில் இடம் கிடைப்பது மகிழ்ச்சி. ஆனால் அந்த மதிப்புரைகளில் ஒரு குறை தொடர்ந்து வருகிறது. ‘ரீமாஸ்டர் ஆனபின் ஒலி கணீரென்று இருக்கிறது, பழைய சிடி மந்தமாக இருந்தது’ என்று எழுதுகிறார்கள். (ரீமாஸ்டர் என்பது முடிந்த பதிவின் ஒலியை மறுபடி சீரமைத்து வெளியிடுவது.) எந்தப் பழைய சிடி, எந்த ஆண்டு ரீமாஸ்டர், இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டார்களா என்ற தகவல் எதிலும் இல்லை. பிளாக் சபாத்தின் ‘பாரனாய்ட்’ 1970இல் வந்த ஆல்பம். அதற்கு 1980களின் முதல் சிடி அச்சுகள் உண்டு. 1996இல் காசில் நிறுவனத்தின் ரீமாஸ்டர், 2004இல் ‘பிளாக் பாக்ஸ்’ தொகுப்பு, 2009இல் டீலக்ஸ் பதிப்பு என்று வரிசை நீள்கிறது. அட்டைப்படம் ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளே கேட்பது வேறு வேறு. ‘ரீமாஸ்டர்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாசகர் எதைத் தேடுவார்?

மெட்டலில் இது மற்ற இசையைவிட ஏன் பெரிதாகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) ஏற்றிய கிடாரின் ஒலி ஏற்கெனவே நசுங்கியது. ஆம்ப்ளிஃபயரே அதன் மேடுபள்ளங்களைத் தட்டையாக்கிவிடுகிறது. கம்பியை உள்ளங்கையால் அழுத்தி அடிக்கும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) ஓடும்போது அலைவடிவத்தைப் பார்த்தால், கிடார் ஒரே உயரத்தில் சுவர்போல நிற்கும். அந்தச் சுவருக்கு மேல் தலை நீட்டுபவை காலால் அடிக்கும் கிக் டிரமும் குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரமும் மட்டுமே. மாஸ்டரிங்கில் ஒலியளவை ஏற்ற, எல்லை தாண்டும் உச்சிகளை அமுக்கும் லிமிட்டரைப் போட்டால் அது முதலில் வெட்டுவது அந்தத் தலைகளைத்தான். கிடாருக்கு ஒன்றும் ஆகாது, அது மேலும் முன்னால் வந்து நிற்கும். ஸ்னேரின் ‘டப்’ அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் ஆகிவிடும். இரட்டைக் கிக் டிரம் வேகமாக ஓடும் இடங்களில் தனித்தனி அடிகள் கரைந்து ஒரே உறுமலாகக் கேட்கும். முதல் நிமிடத்தில் இது ‘பலமான ஒலி’ என்று தோன்றும். நான்காவது பாடலில் காது சலித்துப்போகும்.

சிடியில் இடப்பற்றாக்குறை கிடையாது. 16 பிட் சிடி மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும். அப்படியிருந்தும் 1990களின் நடுவிலிருந்து வந்த பல ரீமாஸ்டர்கள் கடைசிச் சில டெசிபல்களுக்குள்ளேயே பாடல் முழுவதையும் அடைத்துவைக்கின்றன. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ 2008இல் வந்தபோது இது எல்லோர் காதிலும் விழுந்தது. அதே பாடல்கள் கிடார் ஹீரோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் கிடைத்ததால் ரசிகர்களால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. அது புதிய ஆல்பம். 1980களில் திறந்த மூச்சோடு ஒலித்த ஆல்பங்களுக்கும் அதே சிகிச்சை நடந்திருப்பதுதான் என் ஆதங்கம்.

இரண்டு சிடிகளை ஒப்பிடும்போது முதலில் ஏமாறுவது காதுதான். அரை டெசிபலோ ஒரு டெசிபலோ கூடுதலாக இருந்தாலே, சத்தம் கூடியிருக்கிறது என்று காது சொல்லாது. ‘தெளிவு கூடியிருக்கிறது, பேஸ் ஆழமாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். புதிய ரீமாஸ்டர் ஐந்தாறு டெசிபல் உரத்து இருப்பது சாதாரணம். ஒலியளவைச் சமன் செய்யாமல் சிடியை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு எழுதிய மதிப்புரை, எது உரத்து இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

சமன் செய்வது கடினமல்ல. இரண்டு சிடிகளையும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருளில் பிழையின்றிக் கணினிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபூபார்2000 என்ற இசை மென்பொருளில் இரண்டையும் ரீப்ளேகெயின் (ஒலியளவை எவ்வளவு ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்று கணக்கிடும் முறை) ஸ்கேன் செய்தால் ஆல்பம் அளவு கிடைக்கும். பழையது மைனஸ் 2.1, புதியது மைனஸ் 8.6 என்று வந்தால், புதியது 6.5 டெசிபல் உரத்து இருக்கிறது என்று பொருள். உரத்ததைக் குறைத்துத்தான் கேட்க வேண்டும். மெலிந்ததை ஏற்றினால் உச்சிகள் வெட்டுப்படும். பலர் செய்யும் தவறு, இரண்டின் உச்ச அளவையும் 100 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிட்டுச் சமன் ஆகிவிட்டது என்று நினைப்பது. உச்சி ஒன்றாக இருந்தும் சராசரி ஒலி 6 டெசிபல் வேறுபடலாம், அதுதான் லிமிட்டரின் வேலையே. ரீப்ளேகெயினுக்குப் பிறகும் ஒரு பாடலின் முப்பது வினாடிப் பகுதியை எடுத்து, பாடகரின் குரல் இரண்டிலும் ஒரே தூரத்திலிருந்து வருகிறதா என்று காதால் சரிபார்ப்பது நல்லது. ஒன்றில் பேஸையும் உச்ச அதிர்வெண்களையும் தூக்கியிருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். பிறகு எது எது என்று தெரியாமல் மாற்றித் தரும் ஏபிஎக்ஸ் சோதனை. 16 முறையில் 12 சரியாக வந்தால், வெறும் ஊகத்தில் அப்படி அமைய 4 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். உண்மையில் மாஸ்டரிங் வேறாக இருந்தால் 16க்கு 16 வருவது சுலபம். 9, 10 என்று திணறினால், அந்த இரண்டு ‘பதிப்பு’களும் ஒரே மாஸ்டரிங்காக இருக்கலாம்.

ஒரே மாஸ்டரிங்கா என்று கண்டறிய அதைவிடக் குறுக்குவழி உண்டு. சிடியைக் கணினிக்கு எடுக்கும்போது ஒவ்வொரு பாடலுக்கும் உச்ச அளவு சதவீதக் கணக்கில் பதிவாகும். இரண்டு வேறு நாட்டு அச்சுகளில் பாடலுக்குப் பாடல் அந்த எண்கள் புள்ளிக்குப் பின்னும் ஒத்துப்போனால், அநேகமாக மாஸ்டரிங் ஒன்றுதான். அச்சு எந்த நாடாக இருந்தாலும் கூடுதலாகத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே எண்கள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பழைய சிடியில் 71, 88, 79, 93 என்று ஏறி இறங்கும். எல்லாப் பாடலும் 96.6 என்று ஒரே எண்ணில் நின்றால், மைனஸ் 0.3 டெசிபலில் ஒரு லிமிட்டர் கூரை போட்டிருக்கிறது. 98.8 என்றால் கூரை மைனஸ் 0.1. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஸ்னேர் அடிகளின் முனை கத்தியால் சீவியதுபோல் சமதளமாக இருக்கும்.

டி.ஆர். எண்ணை (உச்சிக்கும் சராசரி ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் டைனமிக் ரேஞ்ச் அளவு) பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே ஆல்பத்தின் இரண்டு சிடிகளில் ஒன்று 12, மற்றது 7 என்றால் அந்த வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. 11க்கும் 12க்கும் நடுவே அதை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அங்கே பேஸ், உச்ச அதிர்வெண்கள் போன்றவற்றை ஏற்றி இறக்கும் ஈக்வலைசேஷன்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. இசைத்தட்டிலிருந்து பதிவு செய்த கோப்பின் டி.ஆர். எண்ணைச் சிடியோடு ஒப்பிடவே கூடாது. நசுக்கிய அதே டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வெட்டிய தட்டும் கூடுதல் எண்ணைக் காட்டும். தட்டின் வழியே போய்வரும்போது அலையின் கட்டம் நகர்ந்து உச்சிகள் மாறுவதால் வரும் எண் அது, இழந்த டிரம்ஸ் திரும்பி வந்ததால் அல்ல.

எங்கே காதை வைப்பது என்று கேட்டால், மெட்டலில் நல்ல சோதனைக்களம் மெதுவான தொடக்கமுள்ள பாடல்கள். ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாடலான ‘பேட்டரி’ அக்கவுஸ்டிக் கிடாரில் தொடங்குகிறது. முழு வாத்தியங்களும் இறங்கும் அந்த நொடியில் உடம்பு பின்வாங்க வேண்டும். நசுக்கிய மாஸ்டரிங் எதிலும் அக்கவுஸ்டிக் பகுதி முன்கூட்டியே உரத்து நிற்பதால் இறங்கும் இடத்தில் அதிர்ச்சி இருக்காது. அடுத்து சிம்பல் (டிரம் தொகுப்பின் உலோகத் தட்டு). அடித்தபின் அதன் ஒலி கிடாருக்கு அடியில் மெல்லத் தேய்ந்து மறைகிறதா, அல்லது தண்ணீருக்குள் அடித்ததுபோல் நெளிகிறதா? நெளிந்தால் டேப் இரைச்சலை நீக்கப்போய்ச் சிம்பலின் வாலையும் அறுத்திருக்கிறார்கள். பாடல் தேய்ந்து முடியும் கடைசி ஐந்து வினாடிகளை ஹெட்ஃபோனில் கேட்டால் இது உறுதியாகிவிடும். டேப்பின் ‘ஸ்ஸ்’ கடைசிவரை இசையோடு சேர்ந்து தேய வேண்டும். இசை இருக்கும்போதே அது திடீரென்று அணைந்தால் இரைச்சல்நீக்கி வேலை செய்திருக்கிறது.

இதனால் முதல் அச்சு என்றாலே தங்கம் என்று நான் சொல்லவில்லை. 1980களில் பல சிடிகள் மூல டேப்பிலிருந்து வரவில்லை. இசைத்தட்டு வெட்டுவதற்காகப் பேஸைக் குறைத்துச் செய்த நகலிலிருந்தோ, நகலின் நகலிலிருந்தோ வந்தன. அவற்றில் டிரம்ஸுக்கு மூச்சு இருக்கும், உடம்பு இருக்காது. மூல டேப்பைத் தேடி எடுத்து, ஒலியளவைப் பேராசையின்றி ஏற்றிய ரீமாஸ்டர் கிடைத்தால் அதுவே மேல்.

பழைய அச்சுகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. 1980களின் சில சிடிகள், குறிப்பாக ஜப்பான் அச்சுகள் சில, ப்ரீ-எம்ஃபசிஸ் என்ற முறையில் உச்ச அதிர்வெண்களைத் தூக்கிப் பதிவு செய்யப்பட்டவை. 5 கிலோஹெர்ட்ஸில் நாலரை டெசிபல், 10இல் ஏழரைக்குச் சற்று மேல், 20இல் ஒன்பதரை. சிடி பிளேயர் அந்தக் குறியைப் படித்துத் தானாக இறக்கிவிடும். கணினிக்கு எடுத்த கோப்பில் யாரும் இறக்குவதில்லை. அதைக் கேட்டு ‘இந்தப் பழைய சிடி காதைக் கிழிக்கிறது, சிம்பல் தகரம்போல இருக்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். சிடியை எடுக்கும்போது கூடவே உருவாகும் பாடல் பட்டியல் கோப்பான க்யூ ஷீட்டில் ‘ஃப்ளாக்ஸ் ப்ரீ’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சிடிகளில் இந்தக் குறி பொருளடக்கப் பகுதியில் இல்லாமல் துணைக்குறியீட்டில் மட்டும் இருக்கும், அதையும் படிக்கும்படி மென்பொருளை அமைக்க வேண்டும். குறி இருந்தால் சாக்ஸ் மென்பொருளின் டீஎம்ஃப் வசதியால் சரிசெய்த பிறகுதான் ஒப்பீடு.

மதிப்புரைகளில் என்னை மிகவும் வருத்துவது ரீமாஸ்டரையும் ரீமிக்ஸையும் ஒன்றாக எழுதுவது. ரீமிக்ஸ் என்பது தனித்தனி வாத்திய, குரல் பதிவுகளை மறுபடி கலப்பது. மாஸ்டரிங் என்பது முடிந்த இரண்டு சானல் கலவைமேல் செய்யும் வேலை. அதில் இல்லாததை அதனால் கொண்டுவர முடியாது. ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தில் 1988இலேயே பேஸ் கிடார் கலவையில் அமுக்கப்பட்டது. 2018 ரீமாஸ்டரிலும் அது எழவில்லை, எழ வழியும் இல்லை. மெகாடெத்தின் ‘ரஸ்ட் இன் பீஸ்’ 2004இல் வந்தது ரீமிக்ஸ். காணாமல்போன பகுதிகளுக்காகச் சில இடங்களில் குரலையே புதிதாகப் பாடிச் சேர்த்திருந்தார்கள். ஓஸி ஆஸ்பர்னின் ‘பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்’, ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ ஆல்பங்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. 2002 பதிப்பில் பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அழித்துவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். 2011 மறுவெளியீட்டில்தான் அவர்களின் வாசிப்பு திரும்பியது. ‘ஒலி புதுப்பிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதி இந்த 2002 சிடியை ஒரு வாசகர் கையில் கொடுப்பது அநியாயம். அயர்ன் மெய்டனின் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ 1998 பதிப்பிலும், ‘ரன் டு தி ஹில்ஸ்’ சிங்கிளின் மறுபக்கத்தில் வந்த ‘டோட்டல் எக்லிப்ஸ்’ ஆல்பத்தின் நடுவே நுழைக்கப்பட்டது. ‘கேங்லேண்ட்’ முடிந்ததும் ‘ஹாலோட் பீ தை நேம்’ மணியோசைக்குக் காத்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய இடறல் என்று ஆல்பத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

எனவே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மதிப்புரையின் கீழும் இரண்டு வரி ஒதுக்குங்கள். சிடி வெளியான ஆண்டு, பட்டியல் எண், மாஸ்டரிங் செய்தவர் பெயர், ரீமாஸ்டரா ரீமிக்ஸா, எந்தப் பதிப்போடு ஒப்பிட்டது, ஒலியளவைச் சமன் செய்து கேட்டதா ஆகியவை போதும். பட்டியல் எண் மட்டும் இருந்தால் ஆகாது. அதே எண்ணில், அதே அட்டையில் பின்னால் வேறு மாஸ்டரிங் வந்ததுண்டு. சிடியின் அடிப்பக்கத்தில் நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். அங்கேயே ஐஎஃப்பிஐ (இசை நிறுவனங்களின் சர்வதேச அமைப்பு) என்ற எழுத்துகள் இருந்தால், அட்டையில் 1987 என்று போட்டிருந்தாலும் அந்தத் தட்டு 1994க்கு முன் அச்சானதல்ல.

இப்படிக்கு,
இசைப் பக்க வாசகர் ஒருவர்